புளியந்தீவை நடந்து அறிவோம்

ஒரு நகரத்தை அறிந்துகொள்ளப் பல வழிகள் உண்டு. புத்தகத்தில் படிக்கலாம். வாகனத்தில் சுற்றி வரலாம். வழிகாட்டி ஒருவரை அமர்த்தலாம். இவை எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த, மனதில் நன்கு பதியும் வழி ஒன்றும் உண்டு. வரைபடமும் குறிப்புப் புத்தகமும் கையில் எடுத்துக்கொண்டு நாமே நடந்து பார்ப்பதுதான் அது.

ஜப்பானின் கோபே நகருக்குச் செல்வோர் பலர் கித்தானோ என்னும் மேட்டுப் பகுதியை இப்படித்தான் பார்க்கிறார்கள். 1868 இல் கோபே துறைமுகம் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பின் வந்த வணிகர்களின் வீடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஜப்பானில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பள்ளிவாசலும் அங்கேதான் இருக்கிறது. 1935 இல் திறக்கப்பட்ட அது, 1945 இன் குண்டுவீச்சுக்கும் 1995 இன் பெரும் நிலநடுக்கத்துக்கும் தப்பி நிற்கிறது. ஜப்பானியரின் ஷின்டோ ஆலயம், யூதரின் தொழுகைக்கூடம், சமணர் கோயில் ஆகியவையும் அதே பகுதியில் உள்ளன. ஒரு காலைப்பொழுது நடந்தாலே அந்த நகரில் யார் யார் வந்து வாழ்ந்தார்கள் என்பது விளங்கிவிடும்.

கோபே மக்கள் வழி சொல்லும் முறையும் சுவையானது. வடக்கே மலையும் தெற்கே கடலும் இருப்பதால் "மலைப்பக்கம்", "கடல்பக்கம்" என்றே அவர்கள் திசை காட்டுவார்கள். இது நமக்குப் புதியதன்று. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்கே அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழைத்தார்கள். கிரானில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புலிபாய்ந்தகல் பக்கம் போகும் வழியில் மாரி வெள்ளம் பாய்ந்துவிட்டால் தோணிதான் துணை. கோபேயை நடந்து அறிவது போலவே நம்முடைய மட்டக்களப்பையும் நடந்து அறியலாம்.

எங்கே நடப்பது?

கிரானில் பஸ் ஏறினால் சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர் கடந்து மட்டக்களப்பு நகரை அடையலாம். நகரின் பழைய பகுதி புளியந்தீவு. நாற்புறமும் நீர் சூழ்ந்த சிறு தீவு அது. வாவிக்கரையிலுள்ள காந்தி பூங்காவில் நடையைத் தொடங்கலாம். அருகே மட்டக்களப்பு வாயில் இருக்கிறது. 1814 இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் இந்நகருக்கு வந்தார். மறு ஆண்டே இங்கு காலமானார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய கல்விப்பணியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பெண்களுக்கான வின்சென்ட் உயர்தரப் பாடசாலையின் வரலாறும் 1820 இல் தொடங்குகிறது.

அடுத்தது கோட்டை. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய இதனைப் பத்து ஆண்டுகளுக்குள், 1638 இல், ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். மாவட்டக் கச்சேரியும் நெடுங்காலம் இதற்குள்ளேயே இயங்கியது. பத்திரம் எடுக்கவும் கையொப்பம் வாங்கவும் நம் வாப்பாமார் எத்தனையோ முறை இந்தக் கோட்டைக்குள் போய் வந்திருப்பார்கள். அதன் மதிலை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பிறகு தெருக்களுக்குள் நடக்கலாம். ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், புனித மரியாள் பேராலயம், 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி ஆகியவற்றைக் காணலாம். நகரிலுள்ள ஜாமிஉஸ் ஸலாம் ஜும்ஆப் பள்ளிவாசலையும் நமது வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகக் கல்லடிப் பாலம். ஆளுநர் மெனிங்கின் மனைவி பெயரால் அமைந்த பழைய இரும்புப் பாலம் 1924 ஆம் ஆண்டுக்குரியது. அதன் பக்கத்தில் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம் ஜப்பானின் உதவியால் கட்டப்பட்டது. பாடுமீனின் ஓசையைக் கேட்க மக்கள் நிலவு நாட்களில் தோணியில் வருவதும் இங்கேதான். அக்கரையில் கல்லடி உப்போடையில் யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது.

பெயர்களும் சொற்களும்

நடக்கும்போது கட்டடங்களை மட்டும் பார்த்தால் போதாது; பெயர்ப்பலகைகளையும் வாசிக்க வேண்டும். பந்தி என்றால் விலங்குகளைக் கட்டும் கொட்டில். அப்படியானால் ஆனைப்பந்தி என்ற பெயர் எதைச் சொல்கிறது? நம் வீட்டிலுள்ள கதிரை, அலுமாரி, சப்பாத்து ஆகியவை போர்த்துக்கேயர் தந்த சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. இன்றும் இந்நகரில் பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் மூத்தோர் சிலர் போர்த்துக்கேயம் கலந்த தம் மொழியை மறக்கவில்லை. கோட்டை மதிலில் இருக்கும் அதே வரலாறு நம் நாவிலும் இருக்கிறது.

ஏன் நடக்க வேண்டும்?

நம்மில் பலருக்கு நகரம் என்பது வைத்தியசாலை, வங்கி, புடவைக்கடை மட்டுமே. வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். இதற்குத் தூரம் மட்டும் காரணமன்று. அச்சமும் ஒரு காரணம். 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21 இல் இந்நகரின் சீயோன் தேவாலயத்தில் சிறு பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். இப்படிப்பட்ட நாட்களுக்குப் பின் ஒரு சமூகம் மற்றச் சமூகத்தின் தெருவுக்குள் போகத் தயங்குவது இயல்பு. ஆனால் அந்தத் தயக்கம் நீண்டால், அடுத்த தலைமுறைக்கு அயலவரைப் பற்றி வதந்தி மட்டுமே தெரிந்திருக்கும். ஒரு தெருவில் நடந்து, அங்குள்ள கடையில் தண்ணீர் வாங்கி, ஒரு மூதாட்டியிடம் வழி கேட்டவளுக்கு அந்தத் தெரு அந்நியமாக இருப்பதில்லை.

பெற்றோரின் கவனத்துக்கு

பெண்பிள்ளைகள் நகரைச் சுற்றுவதா என்று சில பெற்றோர் யோசிக்கலாம். தனியே அனுப்ப வேண்டியதில்லை. மூன்று நான்கு தோழியர் சேர்ந்து, ஓர் உம்மாவோ ஆசிரியையோ துணைவர, காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் புளியந்தீவை முடித்துவிடலாம். கல்லடிக்கு வாகனத்தில் போகலாம். மாரிகாலத்தைத் தவிர்ப்பது நல்லது. குடையும் தண்ணீரும் அவசியம். பெண்கள் தொழுவதற்கான இட வசதியை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிற சமயத்தவரின் வணக்கத்தலங்களை அனுமதி பெற்றே பார்க்கவும் படம் எடுக்கவும் வேண்டும்.

ஒவ்வொருவரும் மூன்று விடயங்களைக் குறித்து வரலாம்: பொருள் விளங்காத ஓர் இடப்பெயர், ஆண்டு பொறிக்கப்பட்ட ஒரு கட்டடம், ஒரு மூத்தவர் சொன்ன செய்தி. வீட்டுக்கு வந்து அவற்றை வாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்களிடமிருந்து வரும் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லாததாக இருக்கலாம். அதையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். இந்த ஆண்டு விடுமுறையில் புளியந்தீவை நடந்து பார்த்தவர்கள், அடுத்ததாகத் தத்தம் ஊரின் வரைபடத்தைத் தாமே வரையத் தொடங்கலாம்.