காலையில் கிளம்பாத டீசல் வாகனம்

லேடாங் மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் தங்காக். இதுபோன்ற வட்டாரங்களில், தோட்டத்து மண்சாலைகளுக்கும் மேட்டுப் பாதைகளுக்கும் நான்கு சக்கர இயக்க வாகனங்கள் ஏற்றவை. அவற்றுள் பழைய டீசல் வாகனங்கள் சில, விடியற்காலையில் எளிதில் கிளம்புவதில்லை. இதற்குக் ‘குளோ பிளக்’ பழுதும் ஒரு காரணமாகலாம்.

பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்திலோ, அழுத்தத்தால் சூடேறிய காற்றே அவ்வேலையைச் செய்கிறது. இயந்திரம் குளிர்ந்திருந்தால் அவ்வெப்பம் போதாமல் போகலாம். அப்போது எரியறையைச் சில வினாடிகள் சூடேற்றுவதே குளோ பிளக்கின் பணி. அது பழுதடைந்தால் வாகனம் கிளம்பத் தாமதமாகும், வெண்புகையும் வெளியேறும்.

உடனே எல்லாப் பிளக்குகளையும் மாற்றுவது வீண்செலவாகலாம். முதலில் மின்கலத்தைச் சோதிக்க வேண்டும். அடுத்து, உருகியும் ரிலேயும் பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். முகப்பிலுள்ள விளக்கு எரிவது மட்டும் இதற்குச் சான்றாகாது. மின்சாரம் வந்தால், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கின் மின்தடையையும் மல்டிமீட்டரால் அளக்கலாம். பொதுவாக அது மிகக் குறைவாக, ஓரிரு ஓம் அளவில் இருக்கும். மின்னோட்டமே செல்லாவிட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் அறுந்துள்ளது எனலாம்.

புதிய பிளக்கின் வோல்ட் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும். வாகனத்தை விரைவில் கிளப்ப எண்ணி, எளிதில் தீப்பற்றும் தெளிப்பானை இயந்திரத்தினுள் அடிக்கக்கூடாது. சூடான குளோ பிளக்கால் அது வெடித்து இயந்திரத்தைச் சிதைக்கக்கூடும். அருகிலிருப்போருக்கும் ஆபத்து நேரலாம். வரிசையாகச் சோதித்தால் பணமும் மிஞ்சும், பாதுகாப்பும் உறுதியாகும்.