செலவில்லாத விளம்பரம்: டொமினிக் ஜீவாவின் கணக்கு

நல்லாக எழுதக்கூடிய நம்மவர் பலரை அல் குசைஸில் எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்போ கட்டுரையோ செய்து நாலு காசு பார்க்கலாமே என்றால், "எங்களை ஆருக்குத் தெரியும்? விளம்பரத்துக்குக் காசு வேணுமே" என்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திய டொமினிக் ஜீவா 1966 இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கினார். கையில் முதல் இல்லை. பிரதிகளைத் தானே சுமந்து, ஆட்களை நேரில் கண்டு விற்றார். அட்டையில் சக படைப்பாளிகளின் படங்களைப் போட்டு அவர்களையும் அறிமுகப்படுத்தினார். 2012 வரை மல்லிகை வந்தது. செலவுப் பக்கத்தில் இருந்தது அவருடைய கால்நடைதான்.

நாமும் அப்படிச் செய்யலாம். உங்கள் சிறந்த மூன்று ஆக்கங்களை ஒரே கோப்பாக்கி, பெயரும் மின்னஞ்சலும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்புவதைவிட, எழுத்து தேவைப்படும் ஒருவருக்கு நாலு வரிக் குறிப்போடு அனுப்புங்கள். நவம்பரில் பக்கத்து ஷார்ஜாவில் புத்தகக் கண்காட்சி நடக்கும். பதிப்பாளர்களை அங்கே நேரில் காணலாம். வெளிவந்த ஆக்கங்களை நூலகம் இணைய நூலகத்துக்குக் கொடுத்தால், தேடுபவர் கையில் அகப்படும்.

ஒரு எச்சரிக்கை. வேலை விசாவில் இருப்பவர்கள், உரிய அனுமதி எடுக்காமல் வெளியாருக்குக் காசுக்கு எழுதக்கூடாது. முதலில் அனுமதி, பிறகு விளம்பரம். வேலை போனால் விசாவும் போகும். திரும்பிப்போக ஊரில்லாத நமக்கு, அந்த நட்டத்தை எந்த வருமானமும் ஈடுசெய்யாது.