தலைக்கு இத்தனை டாலர்

"இன்ஸ்பெக்டர் வருகிறார்!" என்ற செய்தி காதில் விழுந்தவுடனே அந்தக் காலத்துக் கிராமப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் என்ன பாடு படுவார் என்பதை எங்கள் பாட்டனார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முந்தின நாளே வாத்தியார் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாராம். ஆடு மேய்க்கும் பையன், தங்கையை இடுப்பில் சுமந்து திரியும் சிறுமி, பள்ளிக்கூடத்துத் திண்ணையை எட்டிக்கூடப் பார்த்தறியாத வாண்டுகள் எல்லாரும் மறுநாள் காலையில் தலை வாரி, திருநீறு பூசி, வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணுவார். தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் சர்க்கார் 'கிராண்டு' வரும். கிராண்டு வந்தால்தான் வாத்தியார் வீட்டில் அடுப்பு எரியும்.

இதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால், உலகத்திலேயே செல்வம் மிகுந்த தேசமாகிய அமெரிக்காவில், சினிமா உலகத்தின் தலைநகரமான ஹாலிவுட்டைத் தன்னுள் கொண்ட லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், இன்றைக்கும் பள்ளிக்கூடங்களின் பிழைப்பு தலை எண்ணிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் தினந்தோறும் ஆஜர்ப் புஸ்தகத்தைக் கையில் எடுப்பவன். அந்தப் புஸ்தகத்தில் விழும் ஒரு சிறு கோடு எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடக்கூடும் என்பதை வாசகர்களுடன் சற்றே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

வீட்டு வரியும் கல்வியும்

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை வாஷிங்டனிலுள்ள மத்திய சர்க்கார் நடத்துவதில்லை. தேசம் முழுவதும் சுமார் 13,000 கல்வி வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு ஜனங்களே தேர்ந்தெடுத்த ஒரு சபை உண்டு. அவற்றுள் நியூயார்க்குக்கு அடுத்தபடியாக மிகப் பெரியது லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம். அதன் விஸ்தீரணம் சுமார் 710 சதுர மைல். ஏழு அங்கத்தினர் கொண்ட சபை அதை நிர்வகிக்கிறது. அதில் படிக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். நாலில் மூன்று பேர் ஸ்பானிஷ் மொழி பேசும் தேசங்களிலிருந்து வந்து குடியேறிய வம்சத்தினர்.

முன்னாளில் இந்த வட்டாரங்கள் அந்தந்த ஊர்ச் சொத்து வரியைக் கொண்டே பெரும்பாலும் நடந்து வந்தன. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் வரி கொடுக்கிறோம். ஆனால் மாளிகைகள் நிறைந்த ஊரில் சிறிய வரி போட்டாலும் பணம் குவியும். குடிசைகள் நிறைந்த ஊரில் எவ்வளவு கசக்கிப் பிழிந்தாலும் சொட்டுத்தான் விழும். லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றியுள்ள இரண்டு சிற்றூர்களின் கணக்கைப் பாருங்கள். 1968-69-ஆம் வருஷத்தில் செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸில், சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 2 டாலர் 38 சென்ட் வரி. ஒரு மாணவனுக்குச் செலவிட்டது 1,232 டாலர். எளியவர்கள் வாழும் பால்ட்வின் பார்க்கில் வரி 5 டாலர் 48 சென்ட். மாணவனுக்குச் செலவிட்டது 577 டாலர் மட்டுமே. இரண்டு மடங்குக்கு மேல் வரி கொடுத்தவன் பிள்ளைக்குப் பாதிக்கும் குறைவான படிப்பு!

ஜான் செரானோ என்ற தகப்பனாரும் வேறு சில பெற்றோர்களும் 1968-இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் கலிபோர்னியா உச்ச நீதி மன்றம், ஒரு குழந்தையின் கல்வி அதன் அண்டை வீட்டாரின் செல்வத்தைப் பொறுத்திருப்பது தகாது என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. பிறகு 1978-இல் வரிப் பளுவால் வெகுண்ட ஜனங்கள் வாக்களித்து, சொத்து வரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். இந்த இரண்டும் சேர்ந்து, கல்விப் பணத்தின் சாவி ஊர்களின் இடுப்பிலிருந்து ராஜ்ய சர்க்காரின் இடுப்புக்கு மாறிவிட்டது. ராஜ்ய சர்க்கார் பணத்தைப் பங்கிடுவதற்கு எண்ணிக்கை வேண்டாமா? அங்கேதான் ஆஜர்ப் புஸ்தகம் மேடைக்கு வருகிறது.

இடம் போதாத காலம்

முதலில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த சங்கடம் குழந்தைகள் குறைந்ததனால் அன்று, பெருகினதனால்தான். 2000-ஐ அடுத்த சில வருஷங்களில் வட்டாரத்தில் சுமார் ஏழரை லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். பல வருஷங்களாகப் புதுக் கட்டிடம் எழும்பவில்லை. ஆகவே நெரிசல் மிகுந்த பள்ளிகளில் மாணவர்களை மூன்று அணிகளாகப் பிரித்து, எந்தச் சமயத்திலும் இரண்டு அணிகள் வகுப்பிலும் ஒரு அணி விடுமுறையிலும் இருக்கும்படி செய்தார்கள். வருஷம் பூராவும் பள்ளிக்கூடம் நடக்கும். மற்ற இடங்களில் வருஷத்துக்கு 180 நாள் படிப்பு என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு 163 நாள்தான். தினசரி நேரத்தைச் சற்று நீட்டி ஈடு கட்டினார்களாயினும், விட்டுப்போன பதினேழு நாளின் வீட்டுப் பாடமும், இரவிலே அதை எண்ணி உறங்கும் மனமும் நீட்டிய மணியில் திரும்பி வருமா? பன்னிரண்டு வருஷப் படிப்பில் இது ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட நாட்கள் ஆகிவிடுகிறது என்பதை எந்த உபாத்தியாயரும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

2000-இல் மாணவர்கள் சார்பில் ராஜ்ய சர்க்கார் மீது ஒரு வழக்கு எழுந்தது. 2004-இல் ஏற்பட்ட சமாதானத்தில் இந்த முறையை ஒழித்துவிட சர்க்கார் ஒப்புக்கொண்டது. நகரத்து ஜனங்களும் பின்வாங்கவில்லை. 1997 முதல் 2008 வரை ஐந்து முறை வாக்களித்துக் கட்டிடங்களுக்காகக் கடன் பத்திரங்களுக்குச் சம்மதம் கொடுத்தார்கள். இருபது வருஷத்தில் 131 புதுப் பள்ளிக்கூடங்கள் எழும்பின. அவற்றுள் ஒன்று, 1968-இல் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட ஹோட்டல் இருந்த இடத்திலேயே அவர் பெயரால் 2010-இல் திறக்கப்பட்டது. செலவு 57 கோடியே 80 லட்சம் டாலர்.

பிள்ளை போதாத காலம்

விதியின் விளையாட்டைப் பாருங்கள். பெஞ்சுகள் வந்து சேர்ந்தன. உட்காரப் பிள்ளைகள் இல்லை! கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோதே எண்ணிக்கை சரியத் தொடங்கிவிட்டது. பிறப்பு குறைந்தது. வீட்டு வாடகை விஷம் போல் ஏறவே, ஏழைக் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் பெயர்ந்தன. 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பொதுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் 'சார்ட்டர்' பள்ளிகள் தோன்றிப் பல ஆயிரம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. அந்தப் பிள்ளைகளை நீக்கிப் பார்த்தால் 2024-இல் வட்டாரத்தில் மிஞ்சியவர்கள் சுமார் நான்கு லட்சம் பேர்.

"பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறையுமே, நஷ்டம் என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் இருபது வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆக நாற்பது பிள்ளைகளுக்குரிய பணம் போயிற்று. அது இரண்டு உபாத்தியாயர்களின் சம்பளத்துக்கே போதும். ஆனால் எந்த வகுப்பை மூடுவது? எந்த உபாத்தியாயரை நிறுத்துவது? இருபது வகுப்பும் அப்படியே நடந்தாக வேண்டும். கூரை பாதி ஒழுகுவதில்லை. விளக்கு பாதி எரிவதில்லை. பிள்ளை தன் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தன் செலவை மட்டும் மற்றப் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டுப் போகிறது.

வலது கையும் இடது கையும்

கலிபோர்னியா சர்க்காருக்கு ஏழைகளிடம் இரக்கமில்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் நல்லதொரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஏழைப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளை, பெற்றோரைப் பிரிந்து பிறர் வீட்டில் வளரும் பிள்ளை ஆகியோருக்கு அடிப்படைத் தொகைக்கு மேல் நூற்றுக்கு இருபது கூடுதல். இத்தகைய பிள்ளைகள் நூற்றுக்கு 55-க்கு மேல் உள்ள வட்டாரங்களுக்கு இன்னும் ஒரு தனித்தொகை. தேவை மிகுந்தவனுக்கு மிகுதியாகக் கொடு என்பது உயர்ந்த தர்மம். அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் வலது கை கொடுத்ததை இடது கை பிடுங்கிக்கொள்கிறது. ஏனெனில் அந்த ராஜ்யத்தில் பேர் பதிந்த பிள்ளைகளை எண்ணுவதில்லை. தினசரி ஆஜரின் சராசரியைத்தான் எண்ணுகிறார்கள். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும், தகுந்த காரணத்தோடு வராத பிள்ளைக்கும்கூடக் காசு கிடையாது. பள்ளிக்கு அடிக்கடி வராதவர்கள் யார்? இழுப்பு நோயோடு நெரிசலான வீட்டில் கிடப்பவன். தாயார் இரவு வேலைக்குப் போய்விடத் தம்பியைப் பார்த்துக்கொள்பவள். வாடகை கட்ட முடியாமல் மாதம் ஒரு வீடு மாறுகிறவன். யாருக்காகக் கூடுதல் தொகை வகுத்தார்களோ அவர்களே! 2020-இல் தோன்றிய கொள்ளை நோய்க்குப் பிறகு, 2021-22-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவின் பிள்ளைகளில் பத்தில் மூன்று பேர், பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வராமலிருந்தார்கள். 2022-இல் முந்தின மூன்று வருஷங்களின் சராசரியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அது வீழ்ச்சியைத் தாமதப்படுத்தும்; நிறுத்தாது.

அங்கக் குறைவுள்ள பிள்ளைகளின் கதையும் இதுவே. அவர்கள் கல்விக்கான மிகைச் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை மத்திய சர்க்கார் தாங்கும் என்று 1975-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. அந்த அளவை எந்த வருஷமும் எட்டியதில்லை. மிச்சத்தைச் சுமப்பவை ராஜ்யங்களும் வட்டாரங்களுமே.

பலகையா, தாதியா?

உள்ள பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதிலும் விவேகம் வேண்டும். 2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மின் பலகை கொடுப்பதாக ஆரம்பித்தது. மொத்தத் திட்டம் நூறு கோடி டாலருக்கு மேல். கட்டிடத்துக்காக வாங்கிய கடன் பணமும் அதில் சேர்ந்தது. முதலில் 47 பள்ளிகளில் கொடுத்தார்கள். சில வாரங்களுக்குள் பிள்ளைகள் அதன் பூட்டைத் திறந்து விளையாட்டில் இறங்கிவிட்டார்கள்! 2014-இல் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

2019 ஜனவரியில் முப்பதாயிரம் உபாத்தியாயர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலை நிறுத்தம் செய்து, கொட்டும் மழையில் வீதியில் நின்றார்கள். சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? வகுப்பில் பிள்ளைகளின் நெரிசலைக் குறையுங்கள். எல்லாப் பள்ளிக்கும் வாரம் ஐந்து நாளும் ஒரு தாதி கொடுங்கள். புஸ்தகசாலைக்கு ஒரு பொறுப்பாளர் கொடுங்கள் என்று கேட்டார்கள். நூறு கோடியில் பலகை வாங்கத் துணிந்த வட்டாரத்தில் பல பள்ளிகளுக்குத் தாதி வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்துகொண்டிருந்தாள். கோரிக்கைகளில் பெரும்பகுதி ஒப்புக்கொள்ளப்பட்டது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அத்தகைய கருவிகளே பல்லாயிரம் வீடுகளுக்கு வகுப்பறையாயின. கருவியைக் குறை சொல்வதற்கில்லை. எது முதலில், எது பின்னர் என்ற வரிசைதான் தவறிப்போயிற்று. அதே சமயத்தில் வட்டாரம் செய்த இன்னொரு காரியம் என்னை உருக்கிவிட்டது. பள்ளி வாசல்களில் உணவுப் பொட்டலங்களை அடுக்கி, பிள்ளைகளுக்கு மட்டுமன்றி வந்து கேட்ட பெரியவர்களுக்கும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட உணவுகள். யாருடைய பெயரையும் கேட்கவில்லை. ஆஜர்ப் புஸ்தகம் இல்லாமலே அந்தக் கணக்கு நடந்தது.

என் எண்ணம்

எண்ணாமல் பணம் பங்கிட முடியாது; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வந்த தலைகளை எண்ணுகிற சர்க்கார், வராத தலை ஏன் வரவில்லை என்று கேட்கவும் பணம் ஒதுக்க வேண்டும். வராத பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் அதிகமாகச் செலவிட வேண்டியிருக்கிறது. தாதி போய்ப் பார்க்க வேண்டும்; உபாத்தியாயர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குரிய பணத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளையை அழைத்து வா என்றால், காலைக் கட்டிவிட்டு ஓடச் சொன்ன கதைதான்.

எங்கள் பாட்டனார் கதையின் முடிவை நான் இன்னும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காக ஆட்டு மந்தையிலிருந்து பிடித்து வரப்பட்ட பையன்களில் அவரும் ஒருவர். எண்ணிக்கை முடிந்ததும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். வாத்தியார் இவர் கையை விடவில்லையாம். "நாளைக்கும் வாடா" என்றாராம். மறுநாளைக்குக் கிராண்டு எதுவும் கிடையாது என்பது அந்த வாத்தியாருக்கு நன்றாகத் தெரியும்.