அல்வால் வீட்டில் அமெரிக்க சரித்திரம்

செகந்திராபாத் தண்டுப் பகுதிக்கு வடக்கே, பொலாரம் செல்லும் இருப்புப் பாதையை ஒட்டி அமைந்திருப்பது அல்வால். 1806ஆம் ஆண்டில் தண்டு நிறுவப்பட்ட காலந்தொட்டுச் சென்னைப் படையினரோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவ்வட்டாரத்தில் உள்ளனர். பின்னர் இரயில்வேயிலும் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் வேலை பெற்று வந்தோர் உள்ளனர். அண்மைக் காலத்தில் கணிப்பொறித் தொழிலை நாடி வந்தோரும் உள்ளனர். இக்குடும்பங்களில் அமெரிக்கா என்னும் சொல் அன்றாடம் புழங்குவது. ஒரு வீட்டில் மூத்த மகன் டல்லாஸில் இருக்கிறான். மற்றொரு வீட்டில் அத்தை மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரக் குழந்தையைக் கைப்பேசித் திரையில் காண்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆயினும் ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையை அழைத்து, அந்நாட்டில் சென்ற நூற்றாண்டில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். 1969இல் சந்திரனில் மனிதன் இறங்கியதைச் சொல்லும். ஹிரோஷிமாவைச் சொல்லக்கூடும். அதற்கு மேல் செல்லாது. இதற்குப் பள்ளியைக் குறை கூறுவதற்கில்லை. நடுநிலை வகுப்புகளில் சரித்திரப் பாடம் பெரும்பாலும் நம் நாட்டுச் சரித்திரமாகவே அமைகிறது; அதுவே முறையுமாகும். எஞ்சியதை வீட்டிலுள்ள பெரியோரோ, ஓய்வு நேரம் கிடைக்கும் ஆசிரியரோதான் சொல்லித்தர வேண்டும். பத்தாண்டுகள் கழித்துத் தாம் குடியேற விரும்பும் நாட்டைப் பற்றி விசா விதிகளைத் தவிர வேறொன்றும் அறியாமல் நம் பிள்ளைகள் விமானம் ஏறுவது தக்கதன்று என்பது என் எண்ணம்.

எங்கிருந்து தொடங்குவது? ஜனாதிபதிகளின் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவோமாயின் பாடம் அன்றே மடிந்துவிடும். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஒரு தனிக் குணம் உண்டு. எதைக் கேட்டாலும் ‘இது நியாயமா?’ என்று வினவுவார்கள். வகுப்பில் இடம் ஒதுக்குவது முதல் மாம்பழத்தைப் பங்கிடுவது வரை இவ்வினா எழும். அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டை இவ்வினாவின் வழியே கற்பிப்பது எளிது. ஒரு சட்டம், அச்சட்டத்தால் தாக்குண்ட ஒருவர், அவர் செய்தது என்ன, அதன் பிறகு சட்டம் என்னவாயிற்று. இவ்வளவும் தெரிந்தால் ஒரு பாடம் முடிந்தது.

முதற் பாடமாக ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் நகரப் பஸ்களின் முன்வரிசைகள் வெள்ளையருக்கு உரியவை. பின்வரிசைகள் கறுப்பின மக்களுக்கு உரியவை. இடைப்பட்ட வரிசைகளில் கறுப்பர் அமரலாம். ஆனால் வெள்ளையர் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அவ்வரிசை முழுவதையும் காலி செய்ய வேண்டும். பஸ்ஸில் செல்வோரில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்களே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பஸ்ஸின் படத்தை வரையச் சொல்லுங்கள். 1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்னும் தையற்கலைப் பெண்மணி அமர்ந்திருந்தது அந்த இடைவரிசையில்தான். வெள்ளையரின் இடத்தில் அவர் போய் அமர்ந்தார் என்று பல நூல்களில் எழுதப்படுகிறது, அது பிழை. வேலை செய்து களைத்த ஒரு கிழவி எழுந்திருக்க மனமின்றி இருந்துவிட்டார் என்பதும் பிழையே. அப்போது அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமொன்றின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளராகப் பணியாற்றி வந்தவர் அவர்; தாம் செய்வது இன்னதென்று நன்கு அறிந்தே செய்தார்.

நம் பிள்ளைகளுக்கு ரோசா பார்க்ஸைக் காட்டிலும் நெருக்கமானவர் ஒருவர் உண்டு. அதே நகரில், ஒன்பது மாதங்களுக்கு முன்னரே, 1955 மார்ச்சு 2ஆம் நாள், பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின் எழ மறுத்துக் கைதானார். அவருக்கு வயது 15. பஸ் சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றத்தில் வெற்றி பெற்ற வழக்கின் வாதிகளுள் அவரும் ஒருவர். வகுப்பில் இதைக் கூறும்போது, அதுவரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையும் திரும்பிப் பார்க்கும்.

டிசம்பர் 5ஆம் நாள் தொடங்கிய பஸ் பகிஷ்காரம் 381 நாள் நீடித்தது. மக்கள் எப்படி வேலைக்குச் சென்றார்கள்? நடந்தார்கள், ஏறக்குறைய 300 கார்களைக் கொண்டு முறைவைத்து ஒருவரையொருவர் ஏற்றிச் சென்றார்கள். கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமாகிய பத்து சென்டு மட்டுமே பெற்றார்கள். நகராட்சி குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்டு என்னும் விதியைக் காட்டி அதைத் தடுத்தது. அல்வாலிலிருந்து செகந்திராபாத் நிலையம் வரை நாள்தோறும் நடந்து சென்று நடந்து திரும்பினால் 381 நாளில் எத்தனை கிலோமீட்டர் ஆகும் என்று பிள்ளைகளே கணக்கிடட்டும். சரித்திர வகுப்பில் கணக்குப் போடக் கூடாதென்று யாரும் விதிக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில ஆசிரியர்கள் ஆர்வ மிகுதியால் ஒரு பிள்ளையை வெள்ளையராகவும் மற்றொன்றைக் கறுப்பராகவும் நடிக்கச் செய்வதுண்டு. இது வேண்டாம். நிறத்தைக் குறித்து வீட்டிலும் தெருவிலும் கேலி கேட்டு வளரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்த வேடம் யாருக்குக் கொடுக்கப்படும் என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிவார்கள். சொல் விஷயத்திலும் கவனம் தேவை. பழைய தமிழ் நூல்களில் ‘நீக்ரோவர்’ என்னும் சொல் காணப்படும். அம்மக்கள் இன்று அதை ஏற்பதில்லை. கறுப்பின அமெரிக்கர் என்றே கூறுக.

நிற்க. மாண்ட்கமரிச் செய்தி நம் நாட்டை எட்டிய விதமும் சுவையானது. செகந்திராபாத்திலிருந்து தில்லி செல்லும் வண்டிகளுள் பெரும்பாலானவை நாக்பூரைக் கடந்து செல்வதை நாம் அறிவோம். அந்த நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் 1953 முதல் பணியாற்றி வந்தவர் ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பின இளைஞர். போருக்குச் செல்ல மறுத்துச் சிறைப்பட்டவர். காந்தியடிகளின் நெறியைக் கற்க விரும்பியவர். மாண்ட்கமரிப் பகிஷ்காரத்தை அவர் நாக்பூர்ப் பத்திரிகையில் படித்தார். 1956இல் தாயகம் திரும்பினார். மார்ட்டின் லூதர் கிங் அவரைத் தென் மாநிலங்களுக்கு விரைந்து வருமாறு அழைத்தார். நாஷ்வில் நகரில் கல்லூரி மாணவர்களுக்கு லாசன் பயிற்சி அளித்தார்: வசை கேட்டும், பிடித்துத் தள்ளப்பட்டும், கை ஓங்காமல் அமர்ந்திருக்கும் பயிற்சி. 1960 பிப்ரவரியில் அம்மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறிய கடைகளில் சென்று அமர்ந்தனர்; மே மாதம் அக்கடைகள் எல்லாருக்கும் திறந்தன. இந்தியாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் கோட்டைப் படத்தில் வரையச் சொன்னால், அதன் ஒரு முனை நாக்பூரில் இருக்க வேண்டும்.

மற்றொரு முனை தமிழகத்திலும் தென்கோடியிலும் உண்டு. கிங் 1959 பிப்ரவரி 10ஆம் நாள் தில்லியில் வந்திறங்கி ஒரு மாத காலம் நம் நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். சென்னை, காந்திகிராமம், மதுரை, திருவனந்தபுரம் ஆகிய இடங்களுக்கும் சென்றார். திருவனந்தபுரத்தில், முன்பு தீண்டத்தகாதார் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அதன் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள ‘ஒரு தீண்டத்தகாதவர்’ என்றே அறிமுகப்படுத்தினாராம். முதலில் தமக்கு அதிர்ச்சியும் சினமும் உண்டாயின என்றும், பின்னர் எண்ணிப் பார்த்தபோது அது உண்மையே என்று பட்டது என்றும், 1965 ஜூலை 4ஆம் நாள் அட்லாண்டாவில் ஆற்றிய உரையில் கிங் கூறினார். இதைக் கற்பிக்கும்போது ‘இது நியாயமா?’ என்னும் வினா நம் வாசலுக்கே வந்துவிடும். வரட்டும். மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் தாம் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளை விடுவிக்கப் போராடிய அமெரிக்கர்களுக்கு அர்ப்பணித்தார். இவ்விரு நாட்டுக் கதைகளையும் பிரித்து வைத்துப் பேசுவது பிற்காலத்து வழக்கமே போலும்.

1929இல் பங்குச் சந்தை சரிந்து, 1933இல் நால்வரில் ஒரு தொழிலாளி வேலையின்றி நின்ற பெருமந்தத்தை இவ்வயதுப் பிள்ளைகளுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ரூஸ்வெல்ட் அரசு டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணைகள் கட்ட ஒரு நிறுவனத்தை அமைத்ததையும், அதையே மாதிரியாகக் கொண்டு 1948இல் நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்ததையும் சொன்னால் போதும்.

ஆனால் நம்மைப் போன்று பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் குடிபெயர்ந்தனர். அவர்கள் கடல் கடக்கவில்லை. தம் நாட்டிற்குள்ளேயே பெயர்ந்தார்கள். தெற்கே பருத்திச் செடியை வண்டு அரித்தது, கூலி குறைவு, கும்பல் கொலைகள் நிகழ்ந்தன, வாக்குரிமை இல்லை. வடக்கே, முதல் உலகப் போரால் ஐரோப்பியக் குடியேற்றம் தடைப்பட்டு, ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மிஸிஸிப்பியிலிருந்து சிகாகோவிற்கு இரயில் ஏறினார்கள். சிகாகோவில் அச்சான ‘டிஃபெண்டர்’ என்னும் பத்திரிகையை இரயில் பணியாளர்கள் தெற்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் வேலைச் செய்திகளும் புறப்படுவதற்கான யோசனைகளும் இருக்கும். செகந்திராபாத் நிலையத்தில் தமிழ் வார இதழ் வந்துவிட்டதா என்று கேட்டுத் திரும்பிய பெரியவர்கள் நம் வீடுகளில் இருப்பின், இப்பாடத்தை அவர்களே நடத்தலாம். வந்த ஊரில் யாவும் இனிமையாக இருக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 1919 ஜூலையில் சிகாகோ ஏரிக்கரையில் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர்.

வந்தேறிகள் என்று ஐயுறப்பட்டவர்களின் கதை இன்னும் கூர்மையானது. ஜப்பானோடு போர் மூண்டபின், 1942 பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்த ஓர் ஆணையின்படி ஜப்பானிய வமிசத்தவர் ஏறக்குறைய 1,20,000 பேர் மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். முகாமிலும் பள்ளி நடந்தது. கம்பி வேலிக்குள் நின்று பிள்ளைகள் அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி கூறினர். 1988இல் அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. 46 ஆண்டுகள்! ‘அதற்குள் இறந்தவர்களுக்கு?’ என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும்.

இந்தியருக்கும் அந்நாட்டின் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத்சிங் திந்த் என்னும் பஞ்சாபியர், வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் கதவு சிறிது திறந்தது: ஆண்டுக்கு 100 இந்தியர். 1964இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. அதே 1965ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் புதிய குடியேற்றச் சட்டம் கையெழுத்தாயிற்று. பிறந்த நாட்டைக் கொண்டு ஆட்களைப் பிரித்த பழைய பங்கீடு நீங்கியது. கறுப்பின மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய மன மாற்றத்தின் காலத்தில்தான் இச்சட்டமும் பிறந்தது. அல்வாலிலிருந்து இன்று பொறியியல் பட்டதாரிகள் செல்லும் பாதையின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது. நம்மவர் பலர் இதை அறியார். அறிந்தவரும் அந்நாட்டுக் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகின்றனர்.

வீட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரிந்த அமெரிக்கா ஒன்றுண்டு. அது ரேஷன் கடைக் கோதுமை. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, ‘பி.எல். 480’ என்னும் சட்டத்தின் கீழ் வந்த தானியத்திற்கு நாம் டாலரில் அன்றி ரூபாயில் விலை கொடுத்தோம். அரிசிச் சோறுண்ட வீடுகளில் சப்பாத்தி புகுந்ததில் அக்கோதுமைக்கும் பங்குண்டு. 1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார் என்பதையும் கூற வேண்டும். உதவியின் இரு முகங்களும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். தேங்கிய ரூபாயில் 1,664 கோடியை 1974இல் ஒரே காசோலையாக அமெரிக்கா நமக்குத் திருப்பித் தந்தது. அந்த ரூபாய் நிதியின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, 1962 முதல் தில்லியிலிருந்த அமெரிக்க நூலக அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிற்று. தமிழ் நூல்களும் அவற்றுள் உண்டு. நாம் உண்ட கோதுமைக்கு ஈடாகத் தமிழ்ப் புத்தகங்கள் கடல் கடந்தன என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆயினும் உண்மை.

ஆசிரியர்க்கு நூல் தேவையாயின் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1964இல் உஸ்மானியப் பல்கலைக்கழக வளாகத்தில் அமெரிக்க ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. நாடெங்கிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து தங்கிப் படித்த அதன் நூலகம், மையத்தின் பெயர் மாறிய பின் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

நூலகத்திற்குச் செல்ல இயலாதவர்க்கும் ஒரு வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து அழைப்பு வரும்போது, பிள்ளையின் கையில் நான்கு வினாக்களை எழுதிக் கொடுங்கள். மாமா எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின்படி அங்கே சென்றார்? இப்போது குடியிருக்கும் தெருவில் 1950இல் யார் யார் வீடு வாங்க அனுமதி இருந்தது? ஊர்ப் பொது நூலகத்தில் தமிழ் நூல் இருக்கிறதா? அங்குள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தியாவைப் பற்றி என்ன சொல்லித் தருகிறார்கள்? இரண்டாம் வினாவிற்கு விடை சொல்ல மாமாவுக்கு ஒரு வாரம் அவகாசம் தேவைப்படலாம்.