"என்ற பையனக் காணமுங்களே": துயரமும் கவிதையும்



ஆண்டுதோறும் இந்நாளில் நம் மூத்த தோழரின் படத்துக்கு மாலையிட்டுவிட்டு, அவர் நினைவாக ஒரு பொருளை எடுத்துப் பேசுகிறோம். நிலம், கல்வி, இட ஒதுக்கீடு பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு அழுகையைப் பற்றிப் பேசலாம் என்றபோது மன்றத்துக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். "அழுவதற்கா இயக்கம்?" என்று கேட்டார்கள். அவர்களின் சங்கடம் எங்களுக்குப் புரிகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறோம். முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு நார் மில்லில் கரண்ட் அடித்து ஓர் இளைஞன் இறந்துபோனான். பத்தொன்பது வயது. இழப்பீடு கேட்டு மறியல் செய்தோம். மூன்றாம் நாள் இரங்கல் கூட்டம் போட்டோம். எங்களில் ஒருவர் இரவோடிரவாக எழுதிய கவிதையை மைக்கில் வாசித்தார். முதலாளித்துவம் இருந்தது, மனு இருந்தார், சிவந்த கிழக்கு இருந்தது. கைதட்டலும் நன்றாகவே விழுந்தது. கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தாய் எங்களிடம் வந்து, குறை சொல்கிற குரலே இல்லாமல் சொன்னார்: "பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதுல என்ற பையனக் காணமுங்களே."

அன்றிலிருந்து அந்தச் சொல் எங்களை விடவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கு நாங்கள் தேடிய பதில்தான்.

அந்தத் தாய் எதைத் தேடினார் என்று அறிய அவருடைய வளவுக்குள்ளேயே இருந்த ஒரு பாட்டு முறையைப் பார்த்தால் போதும். இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலைகள் சேர, முன்னும் பின்னும் ஆடி அழுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒப்புச் சொல்லி அழுவது, பிலாக்கணம், மாரடிப்பாட்டு என்று ஊருக்கு ஊர் பெயர் உண்டு. அதை உணர்ச்சிவசப்பட்ட கூச்சல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு இலக்கணம் உண்டு. முதலில் விளி: செத்தவரை "என்னப் பெத்த அப்பா" என்றோ "என்ற சாமி" என்றோ நேராகக் கூப்பிடுவது. அவர் காது கேட்காது என்று தெரிந்தேதான் கூப்பிடுகிறார்கள். பிறகு அவர் உடுத்தியது, தின்றது, வாங்கித் தந்தது, திட்டியது எல்லாம் வரிசையாக வரும். அதற்குப் பிறகு கேள்வி: இனி எனக்கு யார், இந்தப் பிள்ளைகளுக்கு யார்? கடைசியில் வழக்கு. சீர் செய்யாத அண்ணன், கவனிக்காத மகன், கூலி தராத தோட்டத்துக்காரர் என்று உயிரோடிருப்பவர்கள் ஒவ்வொருவராக உள்ளே இழுக்கப்படுவார்கள். மற்ற நாளில் மருமகள் வாய்திறந்து சொல்ல முடியாததை இழவு வீட்டில் ராகத்தோடு சொல்லலாம்; யாரும் தடுக்க முடியாது.

இசபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியலாளர் பழைய தென்னார்க்காடு பகுதியில் தங்கி ஒப்பாரியை ஆராய்ந்தார். 2005இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே 'செத்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்று பொருள் தருவது. அழுத பெண்களை அவர் கேட்டபோது, தங்கள் சொந்தக் குறைகளை நினைத்தே அழுவதாகச் சொன்னார்களாம். இதைப் பொய் அழுகைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சாவு பழைய சாவுகளை எல்லாம் எழுப்பிவிடுகிறது; பக்கத்து வீட்டுக் கிழவிக்காக வாய்திறந்தவள், பத்து வருடத்துக்கு முன் போன தன் குழந்தைக்காக அழுது முடிக்கிறாள். அதே நூல் தலித் ஆண்கள் சுடுகாட்டில் பாடும் விண்ணப்பங்களையும் பேசுகிறது. பெண்ணிடம் அழுகையாக இருப்பது ஆணிடம் மனுவாக மாறுகிறது. மனு கொடுத்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

இனி அந்தச் சங்கடத்துக்கு வருகிறோம். கொங்கு நாட்டில் அருந்ததியர்களுக்கும் பிற தலித் மக்களுக்கும் சாவு என்பது வேலையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் எழவு சொல்லப் போக வேண்டும், தப்பு அடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். எதிர்வீட்டு அழுகைக்கு வாடகை ஆட்களாக நம் பாட்டிகள் நின்றார்கள். நம் வீட்டில் சாவு விழுந்தபோது ஊர் எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் படித்து வந்த முதல் தலைமுறை தப்பை எரித்தது. அம்மாக்களிடம் "ஒப்பாரி வைக்காதே, மானம் போகிறது" என்று சொன்னது. அவர்கள் செய்தது சரி என்றே நாங்கள் இன்றும் நினைக்கிறோம். கட்டாயத்தை எரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீயில் நம் சாவுக்கு நாம் அழுகிற மொழியும் கொஞ்சம் கருகிவிட்டது. அந்த இடத்துக்கு ஃப்ளெக்ஸ் போர்டும் வாட்சப் ஸ்டேட்டஸும் வந்து சேர்ந்தன.

தமிழ் இலக்கியம் துயரத்தைக் கையறுநிலை என்ற துறையாக வைத்திருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையாரும், பாரி இறந்தபோது கபிலரும் பாரியின் மகள்களும் பாடியவை புறநானூற்றில் உள்ளன. பாடப்பட்டவர்கள் பெரும்பாலும் மன்னர்கள், வள்ளல்கள். பண்ணையாளுக்கு யாரும் கையறுநிலை பாடி வைக்கவில்லை. என்றாலும் அத்தொகையில் 256ஆம் பாட்டை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். பாடியவர் பெயர் தெரியாது. கணவனை இழந்த ஒரு பெண், ஈமத்தாழி செய்யும் குயவரிடம் பேசுகிறாள். தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். அவளுடைய துயரம் வானத்தைப் பார்த்தோ விதியைப் பார்த்தோ பேசவில்லை. களிமண் பிசையும் ஓர் ஆளிடம், அவர் செய்து தரக்கூடிய ஒன்றைக் கேட்கிறது. ஒப்பாரியிலும் இதுதான் நடக்கிறது. அதில் செத்தவர் அச்சு அசலாக இருக்கிறார். கேட்க ஓர் ஆளும் இருக்கிறார். எங்கள் இரங்கல் கவிதையில் எதிரி இருந்தான், பையன் இல்லை. டைரியில் ஒளித்து எழுதப்படும் கவிதைகளில் பையன் இருக்கிறான், கேட்பதற்கு ஆள் இல்லை.

இரண்டும் சேர்ந்திருக்கும் ஒன்றை வெளிநாட்டிலிருந்தும் காட்டலாம். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த அயர்லாந்தில், கத்தோலிக்கர் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆர்ட் ஓ லீரி என்பவர் தன் குதிரையை அந்த விலைக்கு ஓர் அதிகாரிக்கு விற்க மறுத்தார். 1773 மே 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். குதிரை ஏறி ஊர்வலம் போன தலித் மாப்பிள்ளைகள் அடிக்கப்படும் நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருடைய மனைவி எய்லீன் பாடிய ஒப்பாரி, எழுதப்படாமலே பெண்களின் வாய்வழியே பல பத்தாண்டுகள் நின்று, பிறகு ஏட்டில் ஏறியது. அதில் கணவனின் தோற்றமும் உடையும் இருக்கின்றன. கொன்ற அதிகாரியைப் பெயர் சொல்லிச் சபிப்பது இருக்கிறது. நாத்தனாரோடு நடக்கும் வாய்ச்சண்டைகூட இருக்கிறது! இழவு வீடுகள் எங்கும் இழவு வீடுகள்தான் போலும்.

எழுதினால் துயரம் தீருமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. மாணவர்கள் தங்களைப் பாதித்த நிகழ்வு பற்றி நாளைக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிலருக்குத் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. ஆகவே கவிதையை மருந்துச் சீட்டாக நாங்கள் யாருக்கும் எழுதித் தர மாட்டோம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, போய்விடலாம் போலிருக்கிறது என்று ஒரு தோழர் சொன்னால் நோட்டைக் கையில் கொடுக்காதீர்கள். கூடவே இருங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்; அரசின் 104 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நம் பகுதியின் சாவுகள் வெறும் சாவுகளாகவும் இருப்பதில்லை. பொள்ளாச்சியில் பொறியியல் படித்த உடுமலை சங்கர், சாதி மாறித் திருமணம் செய்த எட்டே மாதத்தில், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கூடவே வெட்டப்பட்டு உயிர்பிழைத்த கௌசல்யா பிறகு பறை கற்றுக்கொண்டார். யாரோ ஒருவரின் சாவுக்குக் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்ட கருவியை, தன் இழப்புக்குப் பிறகு ஒரு பெண் தானாக விரும்பித் தோளில் மாட்டினார். மேலே கருகியது என்று சொன்னோமே, அது துளிர்ப்பதை நாங்கள் இப்படித்தான் கண்டோம்.

2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்து தலித் மக்களின் வீடுகள் மேல் விழுந்தது. உறக்கத்தில் 17 பேர் இறந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று நாம் முழங்கினோம். நீதி கேட்டவர்கள் மீது தடியடி நடந்தது, தலைவர்கள் கைதானார்கள். அந்த முழக்கத்தில் ஒரு சொல்லையும் நாங்கள் திரும்பப் பெறவில்லை. ஆனால் 17 என்ற எண் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லுங்கள் என்றால் இந்த அரங்கில் எத்தனை பேர் சொல்வோம்? மேடையில் நிற்கும் எங்களாலும் தடுமாறாமல் சொல்ல முடியாது. ஓர் ஒப்பாரிக்காரி இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டாள்.

அதனால் மன்றத்தில் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். சாவு நடந்த வாரத்தில் கவிதை வாசிப்பதில்லை. அந்த வாரத்துக்கு வேண்டியது வழக்கறிஞர், வண்டி, சோறு. முப்பது கழிந்த பிறகு, வீட்டார் விரும்பினால் மட்டும், இரண்டு பேர் நோட்டோடு போகிறார்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கேள்வி ஒன்றுதான்: "அவரு எப்படிங்க இருப்பாரு?" சொல்வதைச் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறோம். என்ற, உன்ற, அக்கட்டால என்று வருவதைப் புத்தகத் தமிழாகத் திருத்துவதில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் தெலுங்கில் சொன்னால் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறோம். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுகிறோம். மேடையில் வாசிக்கலாமா, வீட்டோடு இருக்கட்டுமா என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். பாதிப் பேர் வீட்டோடு இருக்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள். பத்திரிகைக்காரத் தோழர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டியோ அப்பாவோ நண்பனோ போய்விட்டால், முதல் வரியிலேயே 'மரணம்' என்று தொடங்காதீர்கள். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்களோ அதையே முதலில் எழுதுங்கள். அவர் செருப்பை எங்கே கழற்றிப் போடுவார் என்று எழுதுங்கள். அவர் மீதிருந்த கோபத்தையும் எழுதலாம். ஒப்பாரியில் கோபத்துக்கு இடமுண்டு என்று பார்த்தோம். பிறகு யாரிடம் கேட்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஆஸ்பத்திரியிடமா, ஊரிடமா, உங்களிடமேவா? வழக்கு இருந்தால் வழக்கு வரட்டும். சாதி கொன்ற சாவென்றால் அது தானாகவே வந்துவிடும். இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிப் பரப்பிய 'மனுசங்கடா' நம் கூட்டங்களில் இன்றும் ஒலிக்கிறது. அதன் பின்னால் உடல்கள் இருந்தன என்பதைப் பாடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயிடமும் பிறகு போனோம். நோட்டைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். மூன்று பக்கம் சொன்னார். சைக்கிளுக்கு இரண்டு பெல் மாட்டியிருந்தது, கருவாடு என்றால் இன்னொரு தட்டுச் சோறு, தங்கச்சியின் ரிப்பன் பணத்தை எடுத்துச் சினிமாவுக்குப் போனது, அடி வாங்கியது. நடுவில் எங்கோ அது பாட்டாகிவிட்டது. நாங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். மில்காரரையும் அவர் விடவில்லை, கரண்ட் ஒயரையும் விடவில்லை, மறியல் அன்று அவரைத் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போன எங்களையும் விடவில்லை.

வருடா வருடம் மகன் இறந்த நாளில் எங்களில் ஒருவர் போய் அந்த மூன்று பக்கத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறோம். போன முறை வாசித்தபோது பாதியில் நிறுத்தினார். "ரெண்டு பெல்லுன்னு எழுதீருக்கறீங்க. ஒண்ணு அடிக்காதுங்க. அதையும் எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டோம்.