ஒற்றை எழுத்தில் ஒரு ராஜா

ஐரிஷ் மொழியில் அரசனுக்குச் சொல் 'ரீ'. தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. ஆனால் இதன் சொந்தபந்தம் பெரிது.

ராஜ்ஜியத்தைக் குறிக்கும் ஜெர்மன் மொழியின் 'ரைக்', சுவீடிஷ் மொழியின் 'ரீகே' இரண்டும் இதற்கு உறவு. ஆஸ்திரியக்காரர்கள் தங்கள் நாட்டை 'ஓஸ்டர்ரைக்' என்பார்கள். கிழக்கு ராஜ்ஜியம் என்று பொருள். ஆங்கிலத்தில் பணக்காரரைச் சொல்லும் 'ரிச்' என்ற சொல்லுக்கும் முதலில் 'அதிகாரம் படைத்தவர்' என்றுதான் அர்த்தம். பணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது!

இதில் சுவாரஸ்யம், ஜெர்மன், சுவீடிஷ், ஆங்கிலம் எல்லாம் சேர்ந்த ஜெர்மானிய மொழிகளுக்கு இது கடன் சொல் என்பதுதான். காட்டிக்கொடுத்தது ஓர் உயிரெழுத்து. லத்தீனில் அரசன் 'ரேக்ஸ்'. அந்த 'ஏ'யை 'ஈ'யாக மாற்றுவது, ஐரிஷ் பிறந்த கெல்டிக் மொழிகளின் பழக்கம். ஜெர்மானிய மொழிகளுக்கு அது கிடையாது. ஆனாலும் அவற்றில் ஒன்றான பழைய கோத்திக்கில் ஆட்சியாளர் 'ரீக்ஸ்'. அண்டை வீட்டுக் கெல்டியரிடம் வாங்கியது என மொழியியலாளர்கள் முடிவு கட்டியது இதை வைத்துத்தான்.

ரோமின் சீசரை எதிர்த்த கெல்டியத் தலைவர் வெர்சிஞ்செடோரிக்ஸ் பெயரின் கடைசியில் இருப்பதும் இந்த 'ரிக்ஸ்'தான். சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த நம்ம 'ராஜா'வும் இதே குடும்பம்.