காத்திருப்பின் விலை

காத்திருத்தலை விரும்பி ஏற்போர் எவரும் இலர். தொடர்வண்டி நிலையத்திலும் மருத்துவமனையிலும் நாம் வரிசையில் நிற்பது வேறு வழியின்மையால்தான். ஆனால், மகிழ்வதற்கென்றே பணம் கொடுத்து நுழைந்த ஓர் இடத்திலும், அன்றைய பொழுதின் பெரும்பகுதியை வரிசையில் நின்றே கழிப்பதற்கு மக்கள் உடன்படுகின்றனர். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு சவாரிக்காக ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கின்றனர். கேளிக்கைப் பூங்காவில் நாள்தோறும் நிகழும் இக்காட்சி, பொருளியலும் கணிதமும் உளவியலும் ஒன்றுகூடும் ஒரு களமாகும். அக்களத்தில் கடந்த எழுபது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றங்களை அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களைச் சான்றாகக் கொண்டு காண்போம். இத்துறையில் பிற பூங்காக்கள் பின்பற்றிய வழிகளுள் பல அங்குதான் பெருமளவில் செய்து பார்க்கப்பட்டன.

சீட்டுப் புத்தகக் காலம்

கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த அத்தொடக்க நாளில், போலி அழைப்புச் சீட்டுகளுடன் ஏராளமானோர் உள்ளே புகுந்தனர். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் பெருகியது; உணவு தீர்ந்தது; குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் நீர் வரவில்லை. மக்கள் பெருந்திரளாக வந்தால் என்ன செய்வது என்னும் வினா, பூங்கா பிறந்த அன்றே உடன்பிறந்துவிட்டது.

அன்று நுழைவுக் கட்டணம் வேறு, சவாரிக் கட்டணம் வேறு. விரைவில் சீட்டுப் புத்தகம் என்னும் முறை வந்தது. சவாரிகள் ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கப்பட்டன. பின்னர் டி தரமும், 1959இல் இ தரமும் சேர்ந்தன. எளிய சவாரிகளுக்கு ஏ சீட்டு. மேட்டர்ஹார்ன் மலையில் வழுக்கி விரையும் வண்டி போன்ற பரபரப்பான சவாரிகளுக்கு இ சீட்டு. ஒரு புத்தகத்தில் எல்லாத் தரத்துச் சீட்டுகளும் இருக்கும். இ சீட்டுகளோ சிலவே இருக்கும். ஆதலால் ஒருவர் தம் விருப்பத்திற்குரிய பெரிய சவாரியில் நாள் முழுதும் மீண்டும் மீண்டும் ஏற இயலாது. கையில் எஞ்சிய ஏ, பி சீட்டுகளைச் செலவழிக்கவேனும் சிறிய சவாரிகளை நாடிச் செல்வார். கூட்டம் தானாகவே பூங்கா முழுதும் பரவியது. செலவழியாத சிறு சீட்டுகள் பல வீடுகளின் இழுப்பறைகளில் தங்கின. மிகச் சிறந்த அனுபவம் எதனையும் ‘இ டிக்கெட்’ என்று குறிக்கும் வழக்கம் அமெரிக்க ஆங்கிலத்தில் இன்றும் உண்டு.

1982இல் இம்முறை கைவிடப்பட்டது. ஒரே கட்டணம் செலுத்தி உள்ளே சென்றால் எச்சவாரியிலும் எத்தனை முறையும் ஏறலாம் என்றாயிற்று. விருந்தினர் இதனைப் பெரிதும் விரும்பினர். ஒவ்வொரு வாயிலிலும் சீட்டைக் கிழிக்கும் தொல்லை நீங்கியது. ஆயினும், அதன் விளைவொன்றை ஊன்றி நோக்க வேண்டும். ஒரு பொருளை எல்லோரும் விரும்பும்போது, அதனை யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பதை ஏதேனும் ஒன்று முடிவு செய்தாக வேண்டும். அதுவரை அவ்வேலையை இ சீட்டு செய்து வந்தது. சீட்டு மறைந்ததும் அப்பணி காலத்தின் தலையில் விழுந்தது. பெரிய சவாரிக்கும் சிறிய சவாரிக்கும் பண அளவில் வேறுபாடு இல்லை. ஆகவே, பெரிய சவாரியின் விலை ஒரு மணி நேரம், சிறிய சவாரியின் விலை பத்து நிமிடம் என்றாகிவிட்டது. நெடிய வரிசையும் ஒருவகைக் கட்டணமே. அதனைச் செல்வரும் எளியரும் ஒரே நாணயத்தில், அஃதாவது தம் நேரத்தில், செலுத்தினர்.

கணிதம் கூறுவது

வரிசையைக் கணிதத்தால் ஆராயும் துறைக்கு வித்திட்டவர் டென்மார்க் நாட்டின் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், அழைப்புகள் தாறுமாறான இடைவெளிகளில் வந்து சேரும்போது எத்தனை இணைப்புகள் இருந்தால் போதும் என ஆராய்ந்து, 1909இல் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். 1961இல் ஜான் லிட்டில் என்பார் மிக எளிய விதி ஒன்றினை மெய்ப்பித்தார். வரிசையில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை என்பது, ஒரு மணி நேரத்தில் வந்து சேர்வோரின் எண்ணிக்கையைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம் என்பதே அது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றிச் செல்கிறது. வரிசையில் 600 பேர் நிற்கின்றனர் எனக் கொள்வோம். இப்போது வந்து சேரும் ஒருவர் அரை மணி நேரம் காத்திருப்பார். இந்நேரத்தைக் குறைக்க வேண்டுமாயின் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, வருவோரைக் குறைக்க வேண்டும். மற்றொன்று, சவாரி மணிக்கு ஏற்றிச் செல்வோரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் வழியைப் பூங்காப் பொறியாளர்கள் திறம்படக் கையாண்டனர். 1964இல் நியூயார்க்கில் தொடங்கிய உலகக் கண்காட்சிக்காக டிஸ்னி நிறுவனம் உருவாக்கிய காட்சிகளுள் ஒன்று, படகுகள் நீரோட்டத்தோடு இடைவிடாது செல்லும் ‘சின்னஞ்சிறு உலகம்’ என்னும் சவாரி. அதன்பின் 1967இல், ஒன்றோடொன்று பிணைந்து சங்கிலிபோல் ஓயாது நகரும் இருக்கைகளைக் கொண்ட ‘ஓம்னிமூவர்’ அமைப்பு டிஸ்னிலாந்தில் வந்தது. வண்டி நின்று ஆளை ஏற்றுவதில்லை. நகரும் நடைமேடையில் கால்வைத்து, நகரும் இருக்கையில் அமர வேண்டும். நிற்றலும் புறப்படுதலும் இல்லாமையால் மணிக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் செல்ல முடிந்தது. இதற்கு மாறாக, ஒரு குலுக்கு வண்டியில் கம்பிப் பூட்டுகளைச் சரிபார்க்கவே பல நொடிகள் செல்லும். மக்கள் மிகுதியும் விரும்பும் சவாரிகள் பலவும் இவ்வகையினவாக இருப்பது பூங்கா நடத்துவோரின் தீராத் தலைவலி.

மனம் அளக்கும் நேரம்

கடிகாரம் காட்டும் நேரம் வேறு. மனம் அளக்கும் நேரம் வேறு. டேவிட் மெய்ஸ்டர் என்னும் மேலாண்மை அறிஞர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனைத் தெளிவாக விளக்கினார். செய்வதற்கு எதுவுமின்றிக் காத்திருக்கும் நேரம், ஏதேனும் செய்துகொண்டே காத்திருக்கும் நேரத்தைவிட நீண்டதாகத் தோன்றும். எவ்வளவு நேரம் ஆகும் என்று அறியாத காத்திருப்பு, அறிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும். காரணம் தெரியாத காத்திருப்பும் முறையற்ற காத்திருப்பும் அவ்வாறே என்பது அவர்தம் கருத்து.

பூங்காக்கள் இவ்வுண்மையைப் பட்டறிவால் முன்னரே உணர்ந்திருந்தன. நேராக நீளும் வரிசையை மடித்து மடித்துப் பாம்புபோல் அமைத்தால், அதன் முழு நீளம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு திருப்பமும் சிறிது முன்னேறிவிட்டோம் என்னும் நிறைவைத் தரும். காத்திருப்பு நேரத்தைப் பலகையில் எழுதி வைப்பதுண்டு. அதனைச் சற்றே கூட்டி எழுதுவதும் உண்டு. அறுபது நிமிடம் என்று படித்து நின்றவர் நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் ஏறிவிட்டால், முக்கால் மணி நேரம் கால்கடுக்க நின்றதை மறந்து, கால் மணி நேரம் ஆதாயம் என மகிழ்வார். இதனை உதவி என்பதா, ஏமாற்று என்பதா?

இவற்றினும் நுட்பமானது, காத்திருப்பைக் கதையின் பகுதியாக்கும் கலை. 1969இல் திறக்கப்பட்ட ‘பேய் மாளிகை’யில் நுழைவோர் முதலில் ஓர் எண்கோண அறையில் அடைக்கப்படுவர். அறையின் சுவர்கள் மெல்ல நீளும். அச்சமூட்டும் குரல் ஒலிக்கும். சவாரி தொடங்கிவிட்டதென அனைவரும் எண்ணுவர். உண்மையில் அனஹைமில் உள்ள அவ்வறை ஒரு மின்தூக்கி! பூங்காவைச் சுற்றியோடும் இருப்புப்பாதைக்கு அடியில், மறுபுறத்திலுள்ள பெரிய கட்டடத்திற்கு மக்களைக் கொண்டுசெல்ல அவர்களைக் கீழே இறக்குகிறது. 1995இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ சவாரியின் வரிசை, பாழடைந்த கோயிலின் இருண்ட வழிகளூடே நெடுந்தொலைவு செல்லும். சுவரில் பொறித்த குறியீட்டு எழுத்துகளைப் படித்தறிவதே ஒரு விளையாட்டாகும். புளோரிடாவில் 2012இல் புதுப்பிக்கப்பட்ட பறக்கும் யானைச் சவாரியிலோ நிற்கும் வரிசைக்கு மாற்றாக வேறொரு வழி வந்தது. பெற்றோர் கையில் ஓர் ஒலிப்பான் கொடுக்கப்பட்டது. முறை வந்து அது ஒலிக்கும்வரை குழந்தைகள் குளிர்ந்த கூடாரத்தில் ஏறி இறங்கி விளையாடினர். வரிசை அமைப்பில் மனிதர் கண்ட மிகக் கனிவான தீர்வு இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

காகிதம் காத்திருந்தது

1999இல் டிஸ்னி பூங்காக்களில் ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்னும் விரைவுச் சீட்டு அறிமுகமானது. இதற்குக் கட்டணம் இல்லை. பூங்காவிற்குள் நுழைந்தவர் தம் நுழைவுச் சீட்டை ஒரு பொறியினுள் செருகினால், பின்னர் எந்நேரத்திற்குத் திரும்பி வரலாம் என அச்சிட்ட தாள் ஒன்று வெளிவரும். குறித்த நேரத்தில் வந்தால் தனி வழியில் விரைந்து செல்லலாம். அதாவது, மனிதருக்கு மாற்றாக அவருடைய காகிதம் வரிசையில் நின்றது. அந்நேரத்தில் அவர் உணவருந்தலாம். கடைகளில் பொருள் வாங்கலாம். பூங்காவிற்கும் இலாபம், விருந்தினருக்கும் இலாபம் என்று கருதப்பட்டது.

ஆனால், லிட்டிலின் விதியை எவராலும் ஏய்க்க முடியாது. சவாரி ஏற்றிச் செல்வோரின் எண்ணிக்கை மணிக்கு அதே 1,200தான். அதில் ஐந்தில் நான்கு பங்கினை விரைவுச் சீட்டுக்காரர்களுக்கு ஒதுக்கினால், பொது வரிசைக்கு எஞ்சுவது மணிக்கு 240 இடங்கள். முன்னர் 300 பேர் நின்ற வரிசை கால் மணி நேரத்தில் நகர்ந்தது; இப்போது அதே 300 பேருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வரிசையின் நீளம் பழையதுதான், நகர்வுதான் குறைந்தது. மேலும், காகிதம் ஒரு வரிசையில் காத்திருக்க, அதன் உரிமையாளர் வேறொரு சவாரியின் வரிசையில் போய் நின்றார். ஒரே மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் காத்திருக்கத் தொடங்கினார். கடைக்குச் செல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், இன்னொரு வரிசையை நீளச் செய்தார்.

2013, 2014ஆம் ஆண்டுகளில் புளோரிடாவில் இம்முறை கைப்பட்டைக்கும் கைப்பேசிக்கும் மாறியது. பூங்காவின் விடுதிகளில் தங்குவோர் 60 நாள்களுக்கு முன்பும் ஏனையோர் 30 நாள்களுக்கு முன்பும் சவாரி நேரத்தைப் பதிவு செய்யலாயினர். விருந்தினரின் எதிர்பார்ப்பு இங்குதான் அடியோடு மாறியது எனலாம். முன்னர், வந்தபின் எங்குச் செல்வது எனத் தீர்மானித்தனர். இப்போது இரண்டு மாதங்களுக்கு முன்னரே எந்நாளில் எம்மணிக்கு மகிழ வேண்டும் எனத் திட்டமிட்டனர். அரை மணி நேரக் காத்திருப்பை இயல்பெனக் கொண்டவர்கள், பத்து நிமிடத்திற்கு மேற்பட்டதைக் குறையெனக் கருதலாயினர். எதிர்பார்ப்பு உயர உயர, அதே காத்திருப்பு கூடுதலாக வலித்தது.

மீண்டும் பணம்

வரிசையைத் தாண்டிச் செல்லும் உரிமை மதிப்புடையதாக மாறியதும், அதனைச் சுற்றி முறைகேடுகளும் தோன்றின. மாற்றுத்திறனாளிகள் வரிசையில் நில்லாமல் செல்வதற்கு அளிக்கப்பட்ட சலுகையைப் பயன்படுத்துவதற்காக, வசதி படைத்த சிலர் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி உடன் அழைத்துச் சென்றதாக 2013இல் செய்திகள் வெளியாயின. அவ்வாண்டே டிஸ்னி அச்சலுகையின் விதிகளை மாற்றியது. புதிய முறையில், மாற்றுத்திறனாளிகளும் பொது வரிசையின் நேரத்தை ஒட்டித் திரும்பிவரும் நேரம் ஒன்றைப் பெற வேண்டியதாயிற்று. பிறருடைய பேராசையின் சுமை, எளிதில் காத்திருக்க இயலாத குழந்தைகள்மீதும் இறங்கியது.

2020இல் பெருந்தொற்றால் பூங்காக்கள் மூடப்பட்டன. மீண்டும் திறக்கப்பட்டபோது, கட்டணமில்லா விரைவுச் சீட்டு திரும்பவில்லை. 2021 அக்டோபரில் அதனிடத்தில் கட்டண முறை வந்தது. புளோரிடாவில் தொடக்க விலை ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர். பின்னர் அது கூட்டத்திற்கேற்ப ஏறியும் இறங்கியும் மாறியது. 2024இல், முன்பதிவுத் தொல்லையின்றி எந்நேரமும் விரைவு வழியில் செல்ல உதவும் உயர்விலைச் சீட்டும் வந்தது. நெரிசலான நாள்களில் அதன் விலை 400 டாலரைத் தாண்டியது.

இ சீட்டும் பணமே, விரைவு வழியும் பணமே. பின் என்ன வேறுபாடு எனக் கேட்கலாம். இ சீட்டு வைத்திருந்தோர் அனைவரும் ஒரே வரிசையில் நின்றனர். இன்றோ, பொது வரிசையில் நிற்கும் குடும்பத்தின் கண்ணெதிரே, ஒரு கம்பித் தடுப்புக்கு அப்பால், மற்றொரு குடும்பம் நில்லாமல் நடந்து செல்கிறது. ‘அவர்கள் ஏன் முன்னே போகிறார்கள்?’ என்று குழந்தை கேட்கிறது. முறையற்றதெனத் தோன்றும் காத்திருப்பு நீண்டதாக உணரப்படும் என்று மெய்ஸ்டர் எழுதியது இதனைத்தான். மறுபுறம், ஆண்டுக்கணக்கில் சேமித்து ஒரே ஒரு நாள் வந்தவருக்கு, அந்நாளின் இரண்டு மணி நேரத்தை மீட்டுத்தரும் சீட்டு வீண்செலவாகத் தோன்றாது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இவ்வளவுக்கும் இடையில், காத்திருக்கும் ஆற்றலை மனிதர் முற்றும் இழந்துவிடவில்லை. 2019 ஜூனில் புளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில், ஹாரி பாட்டர் கதையை ஒட்டிய ஹாக்ரிட் மோட்டார் வண்டிச் சவாரி திறக்கப்பட்ட நாளன்று, காத்திருப்பு நேரம் பத்து மணி வரை சென்றது. அத்தனை பேரும் நின்றனர்.

டிஸ்னி பூங்காக்களில் நீண்டநாள் வழக்கம் ஒன்று உண்டு. வரிசையின் கடைசியில் சேர்பவரிடம் பணியாளர் சில வேளைகளில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுப்பார். அவர் அதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்து, சவாரியில் ஏறுமிடத்தில் உள்ள பணியாளரிடம் ஒப்படைப்பார். அட்டை புறப்பட்டதற்கும் வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட நேரமே வாயிற்பலகையில் எழுதப்படும் நேரத்திற்கு அடிப்படை. அட்டையைச் சுமப்பவர் சில வேளைகளில் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருப்பார். தாம் ஒரு பெரும்பணியை ஏற்றிருப்பதாக எண்ணி, வரிசை முழுதும் அதனைக் கையால் பற்றியபடியே நகர்வார்.